கூரைச் சூரிய மின்தகட்டுத் தாங்கமைப்பின் கூட்டுச்சுமைக் கணிப்பு

கூரைச் சூரிய மின்தகட்டுத் தாங்கமைப்பின் கூட்டுச்சுமைக் கணிப்பு என்பது, கட்டடக் கூரையின் மேல் நிறுவப்படும் சூரிய மின்தகடுகள், அவற்றைத் தாங்கும் உலோகச் சட்டகம், சட்டகத்தைக் கூரையுடன் இணைக்கும் பிணைப்புகள், கூரை ஆகிய நான்கின் மீதும் ஒருங்கே செயற்படக்கூடிய விசைகளைக் கணித்து, அவற்றுள் மிகவும் பாதகமான சேர்மானத்தை இந்நான்கும் தாங்குமா எனச் சரிபார்க்கும் அமைப்புப் பொறியியல் முறையாகும். பேச்சு வழக்கில் மின்தகடு சோலார் பேனல் எனவும், தாங்கமைப்பு ஸ்டாண்டு அல்லது ஸ்ட்ரக்சர் எனவும் வழங்கப்படுகின்றன.

கூரை இந்த எடையைத் தாங்குமா என்பதே வீட்டு உரிமையாளர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்வி. தமிழகச் சூழலில் இது இரண்டாவது கேள்வியே ஆகும். மின்தகடுகள் எடை குறைந்தவை, பரப்பு மிகுந்தவை. ஆகவே அவை கீழே அழுத்துவதைக் காட்டிலும் காற்றினால் மேலே தூக்கப்படுவதே பெரும்பாலும் வடிவமைப்பைத் தீர்மானிக்கிறது. இக்கட்டுரையில் திருவண்ணாமலை மாவட்டம் படவேட்டில் உள்ள ஒரு சாதாரண கற்காரைக் கூரை வீடு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டு, கணக்கு முழுவதும் செய்து காட்டப்படுகிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் சிற்றூர் வீடுகளின் கூரைகளுக்குச் சூரிய மின்தகடு பரவலாக வந்து சேர்ந்தது 2011-12 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் சூரிய ஒளி சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தின் வழியாகும். அத்திட்டத்தின் வீடு 300 சதுர அடி பரப்புடையது. ஐந்து சிறு விளக்குகளை எரிக்கும் அளவுக்கே அதில் மின்தகடு பொருத்தப்பட்டது. அத்துணைச் சிறிய தகட்டுக்குத் தனியே சுமைக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை எனலாம். 2012 இலும் 2019 இலும் மாநில அரசு சூரிய ஆற்றல் கொள்கைகளை வெளியிட்டது. 2024 பெப்ரவரியில் நடுவண் அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு, 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள அமைப்புகளுக்கு 78,000 ரூபாயும் மானியமாக அறிவித்தது. இதனால் 3 கிலோவாட்டு அமைப்பே சிற்றூர்களிலும் வழக்கமான அளவாக மாறி வருகிறது.

இந்த அளவு மாற்றமே சிக்கலின் தோற்றுவாய். 3 கிலோவாட்டு அமைப்புக்கு ஏறத்தாழ 15 சதுர மீட்டர் மின்தகடு தேவை. 300 சதுர அடி என்பது ஏறத்தாழ 28 சதுர மீட்டர். அதாவது ஒரு பசுமை வீட்டின் கூரையில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் ஒரு பாய் விரித்து வைக்கப்படுகிறது. பாய்மரக் கப்பலைக் கண்டவர்களுக்கு அடுத்து நிகழக்கூடியதைச் சொல்ல வேண்டியதில்லை.

படவேட்டின் அமைவிடமும் காற்றும்

படவேடு, சவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், போளூர் வட்டத்தில் அமைந்த ஊர். வேலூர் - திருவண்ணாமலை சாலையில் உள்ள சந்தவாசலில் இருந்து பிரியும் சாலை இங்குச் செல்கிறது. சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய இவ்வூர் இன்று ரேணுகாம்பாள் அம்மன் கோயிலுக்கும், கமண்டல நாகநதியின் செண்பகத்தோப்பு அணைக்கும், வாழைச் சாகுபடிக்கும் பெயர் பெற்றது.

சுமைக் கணிப்பின் நோக்கில் இவ்வூரில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஊர் கடற்கரையில் இருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆகவே கடலோரத்தில் இருந்து 60 கிலோமீட்டருக்குள் அமைந்த சில வகைக் கட்டடங்களுக்கு விதிக்கப்படும் புயல் மிகைக் காரணி இங்குப் பொருந்தாது. இருப்பினும் வங்கக் கடல் புயல்கள் இப்பகுதிக்கு அந்நியமானவை அல்ல. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையருகே கரையைக் கடந்த வர்தா புயலும், 2020 நவம்பரில் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்த நிவர் புயலும் வடதமிழகத்தின் உள்மாவட்டங்களை நோக்கியே நகர்ந்தன. வட அரைக்கோளத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால், புயலின் மையம் கிழக்கே இருக்கும்போது படவேட்டில் காற்று வடக்கில் இருந்து வீசும். சூரிய மின்தகடுகளோ தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்கப்படுபவை. அவற்றின் உயர்ந்த முதுகு வடக்கே திரும்பியுள்ளது. எனவே புயற்காற்று தகட்டின் அடியில் புகுந்து தூக்குவதற்கு மிகவும் வாய்ப்பான திசையில் இருந்தே வருகிறது.

இரண்டாவது, கோடை இடிமழையின்போது மலையடிவாரத்தில் வீசும் சூறைக்காற்று. சில நிமிடங்களே நீடிக்கும் இக்காற்று குலை தள்ளிய வாழைகளைச் சாய்த்துவிடும். இதற்கு அஞ்சியே உழவர்கள் வாழைக்குக் கழி நட்டு முட்டுக் கொடுக்கின்றனர். மூன்றாவது, நிலத்தின் வடிவம். அடிவாரச் சமவெளியில் உள்ள வீட்டுக்கும், மலைச்சரிவின் மேற்பகுதியிலோ முகட்டிலோ உள்ள வீட்டுக்கும் காற்றின் வேகம் ஒன்றல்ல. இது கணக்கில் எவ்வாறு இடம்பெறுகிறது என்பது கீழே தரப்பட்டுள்ளது.

சுமை வகைகள்

இந்தியாவில் கட்டடச் சுமைகளை ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரநூல் ஐந்து பகுதிகளாக வகுத்துரைக்கிறது. முதற்பகுதி தன்னெடை அல்லது நிலைச்சுமையையும், இரண்டாம் பகுதி மனிதர், பொருட்கள் முதலியவற்றால் வரும் நடமாடு சுமையையும், மூன்றாம் பகுதி காற்றுச் சுமையையும், நான்காம் பகுதி பனிச் சுமையையும், ஐந்தாம் பகுதி சிறப்புச் சுமைகளையும் சேர்மானங்களையும் கூறுகின்றன. மூன்றாம் பகுதி 2015 இல் திருத்தப்பட்டது. பழைய 1987 பதிப்பைக் கொண்டு செய்யப்பட்ட கணக்குகள் இன்னும் புழக்கத்தில் காணப்படுவதால் ஆண்டைக் கவனித்தல் நன்று. பனிச் சுமை தமிழகத்துக்குப் பொருந்தாது. வெளிநாட்டு மென்பொருள்கள் அதனைக் கேட்கும்போது சுழியம் என இட்டு நகரலாம்.

நிலைச்சுமையில் மின்தகடு, சட்டகம், பிணைப்புகள், பாரக்கட்டைகள் ஆகியவை அடங்கும். 540 வாட்டு மின்தகடு ஒன்று ஏறத்தாழ 2.28 மீட்டர் நீளமும் 1.13 மீட்டர் அகலமும் 28 கிலோகிராம் நிறையும் கொண்டது. துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டகம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோகிராம் வரும்.

நடமாடு சுமையைப் பொறுத்தவரை, மக்கள் ஏறிச்செல்லும் தட்டைக் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டனும், பராமரிப்புக்கு மட்டும் ஏறும் கூரைக்கு 0.75 கிலோநியூட்டனும் கொள்ளப்படுகின்றன. ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 102 கிலோகிராம் நிறையின் எடைக்குச் சமம். தகட்டைத் துடைக்க ஒருவர் சட்டகத்தின் மேல் ஏறினால் ஏறத்தாழ 1 கிலோநியூட்டன் ஒரே புள்ளியில் விழும். இதனைத் தனியே சரிபார்க்க வேண்டும். மலையடிவாரத்தில் குரங்குகளும் ஏறும். அவற்றின் எடை ஒரு பொருட்டன்று, ஆனால் கம்பி வடங்களை இழுத்துப் பார்க்கும் அவற்றின் ஆர்வம் வேறு வகைச் சிக்கல்.

நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 1893 முதற்பகுதியின் 2016 ஆம் ஆண்டுப் பதிப்பில் சென்னையும் வேலூரும் மூன்றாம் மண்டலத்தில் உள்ளன. நிலநடுக்க விசை நிறைக்கு விகிதசமம் ஆகையால், எடை குறைந்த தகடுகளுக்கு அது காற்று விசையை விடச் சிறியதாகவே அமையும். பாரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டே போனால் இந்நிலை மாறும். புயலும் நிலநடுக்கமும் ஒரே நேரத்தில் வருவதாகக் கொள்வதில்லை.

வெப்ப விரிவு பொதுவாகச் சிறியது. 6 மீட்டர் நீள எஃகு விட்டம் 30 பாகை வெப்ப வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். ஆணித்துளை சற்று நீள்வட்டமாக இருந்தால் போதுமானது.

காற்றழுத்தக் கணிப்பு

தரநூலின்படி, ஓரிடத்தின் வடிவமைப்புக் காற்று வேகம் பின்வருமாறு பெறப்படுகிறது.

வடிவமைப்பு வேகம் = அடிப்படை வேகம் × க1 × க2 × க3 × க4

அடிப்படை வேகம் என்பது திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில், 50 ஆண்டு மீள்காலத்தில் எதிர்பார்க்கப்படும், ஏறத்தாழ 3 நொடி நீடிக்கும் வீச்சின் வேகமாகும். இது நாட்டின் காற்று வேக வரைபடத்தில் இருந்து எடுக்கப்படும். சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் 39 மீட்டர். இக்கட்டுரையின் கணக்குக்கு இடைப்பட்ட 47 மீட்டர் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. உண்மையான பணியில் தளத்துக்குரிய மதிப்பை வரைபடத்தில் பார்த்தே இட வேண்டும்.

க1 என்பது இடர்க் காரணி. வாழும் வீடுகளுக்கு 1.0. மின்தகட்டின் ஆயுள் 25 ஆண்டுதான் எனக்கூறி, குறைந்த இடர் கொண்ட கட்டமைப்புகளுக்குரிய 0.90 ஐ இடும் வழக்கம் சில வடிவமைப்பாளர்களிடம் உண்டு. வேகம் இருமடியாக்கப்படுவதால் இவ்வொரு மாற்றம் அழுத்தத்தில் 19 விழுக்காட்டைக் குறைத்துவிடும். ஆட்கள் நடமாட்டமற்ற வயல்வெளிக் கொட்டகைக்கு இது பொருந்தலாம். தெருவை ஒட்டிய வீட்டின் மேல் உள்ள 28 கிலோகிராம் கண்ணாடித் தகட்டைக் குறைந்த இடர் உடையது என்று கொள்வதற்கு நியாயம் இல்லை.

க2 நிலப்பரப்பின் கரடுமுரடையும் உயரத்தையும் குறிக்கும். வயல்வெளி சூழ்ந்த வீட்டுக்கு 10 மீட்டர் உயரம் வரை 1.00, நெருக்கமான வீடுகளுக்கு நடுவே 0.91. க3 நிலவடிவக் காரணி. காற்று வரும் பக்கத்துச் சரிவு ஏறத்தாழ 3 பாகைக்கு உட்பட்டால் 1.0; செங்குத்தான குன்றின் முகட்டில் 1.36 வரை உயரலாம். அதாவது மற்றவை மாறாதிருக்க, முகட்டு வீட்டின் காற்றழுத்தம் அடிவார வீட்டின் அழுத்தத்தைப் போல் 1.85 மடங்கு வரை ஆகக்கூடும். படவேட்டு ஊருக்குள் செய்த வரைபடத்தை அப்படியே மலைமேல் உள்ள சிற்றூருக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். க4 மேற்கூறிய புயல் மிகைக் காரணி, இங்கு 1.0.

எனவே வேகம் 47 × 1 × 1 × 1 × 1 = நொடிக்கு 47 மீட்டர், அல்லது மணிக்கு ஏறத்தாழ 169 கிலோமீட்டர்.

அழுத்தம் = 0.6 × வேகத்தின் இருமடி = 0.6 × 2209 = சதுர மீட்டருக்கு 1325 நியூட்டன்.

இதனைத் திசைக் காரணி 0.9 ஆல் பெருக்கினால் வடிவமைப்பு அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.19 கிலோநியூட்டன் ஆகும். பரப்புச் சராசரிக் காரணி 10 சதுர மீட்டருக்கு மேல் சற்றுக் குறையும். பாதுகாப்பின் பக்கம் நின்று இங்கு அது 1.0 எனவே கொள்ளப்பட்டது.

அடுத்து, அழுத்தக் கெழு. அடிப்புறம் திறந்த சாய்தகட்டுக்குப் பெரும்பாலோர் தனிச்சாய்வுத் திறந்த கொட்டகைக்குரிய கெழுக்களையே எடுத்துக்கொள்கின்றனர். 10 பாகைச் சாய்வுக்கு அவை கீழ்நோக்கி 0.5, மேல்நோக்கி 0.9 என அமையும். இவை தகடு முழுமைக்குமான சராசரி. ஓரங்களிலும் மூலைகளிலும் மேல்நோக்கிய கெழு 2 வரை எட்டும். கொட்டகையும் கூரைமேல் தகடும் ஒன்றல்ல என்பது உண்மையே. கட்டடத்தின் விளிம்பில் பிரியும் காற்றுச் சுழல்கள் கூரைமேல் உள்ள தகட்டை வேறு விதமாகத் தாக்குகின்றன. கலிபோர்னியா அமைப்புப் பொறியாளர் சங்கம் 2012 இல் இதற்கெனத் தனி வழிகாட்டி வெளியிட்டது. அமெரிக்கக் குடிசார் பொறியாளர் கழகத்தின் சுமைத் தரநூலான ஏ.எஸ்.சி.ஈ. 7 இன் 2016 பதிப்பிலும் கூரைச் சூரிய மின்தகடுகளுக்குத் தனிப்பகுதி சேர்க்கப்பட்டது. பெரிய பணிகளுக்கு இவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

சுமைச் சேர்மானங்கள்

எல்லாச் சுமைகளும் தத்தம் உச்ச அளவில் ஒரே நொடியில் வருவதில்லை. ஆகவே தரநூல்கள் சில சேர்மானங்களை வரையறுத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சுமைக்கும் ஒரு பெருக்குக் காரணியைத் தந்துள்ளன. கற்காரைக்கான ஐ.எஸ். 456 (2000), எஃகுக்கான ஐ.எஸ். 800 (2007) ஆகியவற்றின்படி இங்கு முதன்மையானவை:

1.5 × (நிலைச்சுமை + நடமாடு சுமை)
1.2 × (நிலைச்சுமை + நடமாடு சுமை + காற்று)
1.5 × (நிலைச்சுமை + காற்று)
0.9 × நிலைச்சுமை + 1.5 × காற்று

கடைசிச் சேர்மானமே தகட்டுத் தாங்கமைப்பின் உயிர்நாடி. முதல் மூன்றில் தன்னெடை எதிரி; அதனால்தான் பெருக்கப்படுகிறது. நான்காவதில் தன்னெடை நண்பன். தகட்டைக் கூரையில் பிடித்துவைப்பது அதுவே. நண்பனின் வலிமையை மிகைப்படுத்தக் கூடாதாகையால் அது 0.9 ஆகக் குறைக்கப்படுகிறது. காற்று உறிஞ்சும்போது நடமாடு சுமையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை; புயலின்போது கூரைமேல் ஆள் நிற்பார் என்று நம்பி வடிவமைக்க முடியாது.

எடுத்துக்காட்டு

ஆறு மின்தகடுகள், 3.24 கிலோவாட்டு, மூன்று இணைக் கால்கள், 10 பாகைச் சாய்வு.

மொத்தப் பரப்பு 15.5 சதுர மீட்டர். தகடுகள் 168 கிலோகிராம், சட்டகம் 150 கிலோகிராம், ஆக 318 கிலோகிராம், எடை 3.12 கிலோநியூட்டன். சதுர மீட்டருக்கு 0.20 கிலோநியூட்டன் மட்டுமே.

காற்றின் உறிஞ்சு விசை 0.9 × 1.19 = சதுர மீட்டருக்கு 1.07 கிலோநியூட்டன், முழுப் பரப்பில் 16.6 கிலோநியூட்டன். இது தகட்டுக்குச் செங்குத்தாகச் செயற்படுவதால், நேர்மேலாக 16.4, கிடையாகத் தெற்கு நோக்கி 2.9 எனப் பிரியும். தகடும் சட்டகமும் சேர்ந்த எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட விசை அவற்றை மேலே இழுக்கிறது என்பதை இங்கு நிறுத்திப் பார்க்க வேண்டும்.

நான்காவது சேர்மானத்தில்: மேல்நோக்கி 1.5 × 16.4 = 24.6, கீழ்நோக்கி 0.9 × 3.12 = 2.8. மீதி 21.8 கிலோநியூட்டனைப் பிணைப்போ பாரமோ தாங்கியாக வேண்டும்.

பாரக்கட்டை முறை

தளத்தைத் துளையிட்டால் ஒழுகும் என்ற அச்சத்தால் பலரும் கற்காரைக் கட்டைகளின் எடையால் மட்டும் சட்டகத்தை நிறுத்துகின்றனர். மேற்கண்ட 21.8 கிலோநியூட்டனை 0.9 ஆல் வகுத்தால் தேவைப்படும் கட்டையின் எடை 24.2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 2.5 டன். ஓரடிக்கு ஓரடிக்கு ஓரடி எனக் கொள்ளத்தக்க 30 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டை ஒன்று 66 கிலோகிராம். அவ்வாறான 38 கட்டைகள் வேண்டும்.

இதுவும் போதாது. மேல்நோக்கிய விசையும் எடையும் சமமாகும் நொடியில் கட்டைக்கும் தளத்துக்கும் இடையே அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையேல் உராய்வும் இல்லை. கிடைவிசை மட்டும் குறையாமல் நிற்கும். எனவே அமைப்பு எழும்புவதற்கு முன்பே வழுக்கும். உராய்வுக் கெழு 0.4 எனக் கொண்டு வழுக்கலையும் தடுக்க முயன்றால் தேவையான பாரம் ஏறத்தாழ 3.7 டன்னாக உயர்கிறது.

நடைமுறையில் இவ்வளவு அமைப்புக்கு எட்டுக் கட்டைகளுடன் நிறுத்திவிடுவதைக் காணலாம். அவற்றின் எடை 5.2 கிலோநியூட்டன், மொத்தம் 8.3. பாதுகாப்புக் காரணிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, மேற்கண்ட கெழுக்களையே கொண்டு கணக்கிட்டாலும், நொடிக்கு 28 மீட்டர் அளவில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வீச்சில் இவ்வமைப்பு வழுக்கத் தொடங்கும். மணிக்கு 120 கிலோமீட்டரில் தளத்தை விட்டு எழும். கோடைச் சூறையில் எட்டக்கூடிய வேகத்துக்கும் முதல் எண்ணுக்கும் இடைவெளி அதிகமில்லை. வழுக்கிய உடன் தகடு பறந்துவிடும் என்பதில்லை; ஆயினும் நேர்மின் வடங்கள் இழுபட்டு அறுபடும், வெயில் உள்ளவரை அவற்றில் மின்னழுத்தமும் இருக்கும்.

உயரமான கைப்பிடிச்சுவர் காற்றை ஓரளவு மறைக்கும். தகடுகளை விளிம்பில் இருந்து உள்ளே தள்ளி வைத்தாலும், சாய்வை 5 பாகையாகக் குறைத்தாலும் விசை குறையும். ஏறத்தாழ 12.6 பாகை அகலக்கோட்டில் உள்ள படவேட்டில் சாய்வைக் குறைப்பதால் ஆண்டு மின்னாக்கத்தில் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ ஒரு விழுக்காட்டளவே. சாய்வு குறையக் குறைய தகட்டில் தூசு தங்கும் என்பதே இதன் குறை.

கூரையின் நிலை

இனி இதே பாரத்தைக் கூரையின் பக்கம் இருந்து நோக்கலாம். 125 மில்லிமீட்டர் கற்காரைத் தளத்தின் எடை சதுர மீட்டருக்கு 3.1 கிலோநியூட்டன். அதன் மேல் 75 மில்லிமீட்டர் சுண்ணாம்புச் செங்கல் ஜல்லித் தளம் 1.4, தட்டோடு 0.3. ஆக நிலைச்சுமை 4.8, நடமாடு சுமை 1.5. வீடு கட்டும்போது கொள்ளப்பட்ட வடிவமைப்புச் சுமை 1.5 × 6.3 = 9.45.

ஆணியால் பிணைத்த தாங்கமைப்பு 0.20 ஐ மட்டும் கூட்டுகிறது. முதற்சேர்மானம் 9.75, உயர்வு 3 விழுக்காடு. கீழ்நோக்கிய காற்றைச் சேர்த்த இரண்டாம் சேர்மானமும் மூன்றாம் சேர்மானமும் முறையே 8.5, 8.4 அளவிலேயே நிற்கின்றன. நல்ல நிலையில் உள்ள தளத்துக்கு இது கவலைக்குரியதன்று.

2.5 டன் பாரக்கட்டையைத் தகட்டுப் பரப்பில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 1.56 கூடுகிறது. அதாவது மக்கள் நடமாட்டத்துக்கென ஒதுக்கிய சுமை முழுவதையும் கட்டைகளே எடுத்துக்கொள்கின்றன. முதற்சேர்மானம் 12.1 ஆகி 28 விழுக்காடு மிஞ்சுகிறது. தகட்டுக்கடியில் ஆள் நடமாட மாட்டார் என்று கொண்டு நடமாடு சுமையை 0.75 ஆகக் குறைத்தாலும் 16 விழுக்காடு மிகை. தளத்தைக் காப்பாற்றவென்று ஆணியைத் தவிர்த்து, அதே தளத்தை வேறு வழியில் வருத்துகிறோம் என்பதே இக்கணக்கின் பொருள்.

மழைநீரையும் மறத்தலாகாது. கட்டைகள் நீர்வழியை மறித்தால் 100 மில்லிமீட்டர் தேங்கிய நீர் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோநியூட்டன் சேர்க்கும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயல் திருவண்ணாமலை மாவட்டத்தில் பெய்வித்த மழை போன்றதில் மொட்டைமாடியின் நீர்போக்குக் குழாய் அடைபட்டால் இந்த அளவு எளிதில் தேங்கிவிடும்.

பிணைப்பு முறை

21.8 கிலோநியூட்டனை ஆறு கால்களுக்குப் பகிர்ந்தால் காலுக்கு 3.6 கிலோநியூட்டன். ஆனால் நடு இணைக் கால்கள் ஓரக் கால்களைப் போல் இருமடங்கு பரப்பைத் தாங்குவதால் அவற்றுக்கு 5.5 அளவில் வரும். காற்றின் விசைமையம் காற்று வரும் பக்கத்தை நோக்கி நகர்வதால் பின்கால்களுக்கு இன்னும் கூடும். 7 கிலோநியூட்டனுக்கு வடிவமைப்பது தகும். உறுதியான கற்காரையில் சரியாகப் பதிந்த விரிவாணியோ வேதிப்பசை ஆணியோ இதனைத் தாங்க வல்லது. தளத்தின் எடை காற்றின் இழுவையைவிடப் பலமடங்கு மிகுந்ததால் தளமே மேல்நோக்கி வளையும் அச்சமும் இல்லை.

சிக்கல் ஆணி எங்கே பதிகிறது என்பதில் உள்ளது. தமிழகக் கூரைகளில் கண்ணுக்குத் தெரியும் தட்டோட்டுக்கும் உண்மையான கற்காரைக்கும் இடையே சுண்ணாம்புத் தளம் உண்டு. தட்டோடு 20 மில்லிமீட்டர், ஜல்லித் தளம் 75 மில்லிமீட்டர் என்றால், 100 மில்லிமீட்டர் ஆணியில் 5 மில்லிமீட்டர் மட்டுமே கற்காரையைத் தொடுகிறது. மற்றதெல்லாம் இழுவைக்குப் பயன்படாத சுண்ணாம்பில் நிற்கிறது. கையால் அசைத்துப் பார்க்கும்போது உறுதியாகவே தோன்றும்.

இதற்குச் சிறந்த வழி, கால் அமையும் இடங்களில் தட்டோட்டையும் ஜல்லித் தளத்தையும் வெட்டியெடுத்து, கற்காரை வரை இறங்கி, துளையிட்டு வேதிப்பசையால் கம்பிகளை நட்டு, சிறு கற்காரைத் தூணடி வார்ப்பதாகும். தூணடியைச் சுற்றித் தளத்தை மீண்டும் இட்டு, சந்தில் நீர்த்தடுப்புப் பூச்சுக் கொடுக்க வேண்டும். தூணடி தளமட்டத்துக்கு மேல் 15 சென்டிமீட்டராவது உயர்ந்து நின்றால் ஆணியடியில் நீர் நிற்காது. கால்களை இயன்றவரை சுவர் அல்லது உத்திரத்துக்கு நேர்மேலே அமைத்தல் நன்று. ஏற்கனவே காரை பெயர்ந்து கம்பி தெரியும் தளத்தில் எந்த முறையும் ஏற்றதன்று. தளத்தைச் செப்பனிடுவதே முதற்பணி.

பிற கூரைகள்

சீமை ஓட்டுக் கூரையின் எடை சட்டங்களுடன் சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.65 கிலோநியூட்டன். தகட்டையும் சேர்த்தால் 0.85. உறிஞ்சு விசையோ 1.07 வரை வரலாம். எனவே சாய்வாக எழுப்பிய தகடு, கூரையையும் சேர்த்துத் தூக்கக்கூடும். இவ்வகைக் கூரையில் தகட்டை ஓட்டுக்கு இணையாக, நெருக்கமாக வைத்து, கொக்கிகளைக் கைமரத்தில் பிணைத்து, கைமரத்தைச் சுவர்த்தலை உத்திரத்துடனும் அதனைச் சுவருடனும் கட்டுவது இன்றியமையாதது. கல்நார்த் தகட்டுக் கூரை ஆள் எடையையே தாங்காது. சுமை முழுவதும் அடியில் உள்ள குறுக்குச் சட்டங்களுக்கே செல்ல வேண்டும். மரச்சட்டமும் சிறுசெங்கல்லும் கொண்ட பழைய மெட்ராஸ் தளத்தில் ஆணியடித்தல் கூடாது. படவேட்டில் உள்ளவை போன்ற பழங்கோயில்களின் கல்மண்டபக் கூரைக்கும் இதுவே விதி. அங்கு மின்சாரம் தேவையெனில் திறந்த நிலத்தில் தகடு நிறுவுவதே முறை.

உயர்த்திய தாங்கமைப்பு

நெல்லும் மிளகாயும் வடகமும் காயவைக்கவும், கோடையில் படுக்கவும் மொட்டைமாடி தேவைப்படுவதால் தகடுகளைத் தலைக்கு மேல் ஏறத்தாழ 2.4 மீட்டர் உயர்த்துவது தமிழகத்தில் பெருவழக்கு. விருப்பம் நியாயமானதே. ஆனால் மேற்கண்ட கிடைவிசை 2.9 கிலோநியூட்டன், காரணியுடன் 4.4, இப்போது 2.4 மீட்டர் நெம்புகோலில் செயற்பட்டு 10.4 கிலோநியூட்டன் மீட்டர் கவிழ்ப்புத் திருப்புமையை உண்டாக்கும். கைப்பிடிச்சுவரின் மறைப்பும் இழக்கப்படும். குறுக்குத் தண்டுகள் இன்றி நான்கு மெல்லிய குழாய்களில் நிற்கும் உயர் சட்டகங்கள் இச்சுமைக்குப் போதா. உயர்த்திய அமைப்பைப் பாரக்கட்டையால் நிறுத்தும் எண்ணமே கூடாது.

தகடும் கவ்வியும்

சட்டகம் நின்றாலும் தகடு கழன்று பறக்கலாம். ஐ.ஈ.சி. 61215 தரத்தின் இயந்திரச் சுமைச் சோதனையில் தகடு பொதுவாகச் சதுர மீட்டருக்கு 2400 நியூட்டன் அழுத்தத்துக்கு இருபுறமும் சோதிக்கப்படுகிறது. சில தகடுகளின் மீது அச்சிடப்படும் 5400 என்னும் எண் முன்புறத்துக்கு, பனிச் சுமையை எண்ணித் தரப்படுவது. உறிஞ்சு விசைக்கு அதனைக் கொள்ளலாகாது. மூலைத் தகட்டில் கெழு 2 எனில் உறிஞ்சல் 2 × 1.19 = 2.4 கிலோநியூட்டன், காரணியால் பெருக்கும் முன்பே சோதனை எல்லையைத் தொடுகிறது. ஆகவே மூலைத் தகடுகளுக்குக் கவ்விகளை உற்பத்தியாளர் குறித்த இடத்தில், குறித்த முறுக்கத்தில், எண்ணிக்கை குறையாமல் இட வேண்டும். நான்குக்குப் பதில் ஆறு கவ்வி இடும் செலவு சில நூறு ரூபாய்.

ஒப்பந்த ஆவணங்கள்

மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் என்ற வாசகம் ஒப்பந்தங்களில் பரவலாகக் காணப்படுகிறது. 150 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 41.7 மீட்டர். இக்கட்டுரையில் கொண்ட 47 மீட்டருடன் ஒப்பிட அழுத்தம் 79 விழுக்காடே. மேலும் இவ்வாசகம் எஃகுச் சட்டகத்தைப் பற்றியதா, தளத்துடனான பிணைப்பையும் உள்ளடக்கியதா என்பது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. அடிப்படை வேகம், நான்கு காரணிகள், கெழு, காலுக்கான இழுவிசை, ஆணி கற்காரையினுள் பதியும் ஆழம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தருமாறு நிறுவுநரிடம் கேட்பது, கடன் வாங்கித் தகடு வைக்கும் குடும்பத்துக்குச் செலவில்லாத பாதுகாப்பாகும். நிறுவிய பின் ஓர் ஆணியைத் தேர்ந்து, வடிவமைப்பு விசைக்கு இழுத்துப் பார்க்கும் சோதனை அரைமணி நேரத்தில் முடியும். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி வாக்கில், ஆணி, கவ்வி, துருவின் நிலை ஆகியவற்றைப் பார்த்து இறுக்கிவைத்தல் வேண்டும்.